பழைய ஆம்னி பெட்ரோலைக் குடிக்கிறதா? ஸ்க்ரூவைத் திருகும் முன் பொல்யூஷன் சர்டிபிகேட்டைப் பாருங்க!

லிட்டருக்கு 15, 16 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 12-ஐத் தாண்ட மாட்டேங்குது. கோவை, திருப்பூர், பொள்ளாச்சி பக்கம் பழைய மாருதி ஆம்னி, மாருதி 800, ஜிப்சி வைத்திருப்பவர்கள் பலரின் புலம்பல் இது. மெக்கானிக்கிடம் போனால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகி, "இனி மைலேஜ் வரும் பாருங்க" என்று அனுப்பிவிடுகிறார். ஒரு வாரம் நன்றாக இருக்கிறது. அப்புறம் மேட்டில் ஏறும்போது இழுக்க மாட்டேங்குது, கார்புரேட்டருக்குள் 'டப் டப்' என்று சத்தம், மைலேஜ் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. சில வண்டிகளில் முன்பைவிடக் குறைந்தும் போகிறது.

என்னதான் நடக்கிறது? அந்த ஸ்க்ரூவில்தான் பிரச்னையா? கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஏன் இன்னும் இந்த வண்டிகள்?

வெளிநாடுகளில் பழைய பிக்கப் டிரக் செய்யும் வேலையை நம்ம ஊரில் ரொம்ப காலம் செய்தது ஆம்னிதான். 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டால் அதுவே சரக்கு வண்டி. திருப்பூரில் பனியன் பண்டல், தொண்டாமுத்தூரில் இருந்து காய்கறி, சத்தியமங்கலத்தில் இருந்து மல்லிகைப் பூ, பொள்ளாச்சியில் இருந்து தேங்காய் என எல்லாமே அதில் போனது. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு சரக்கு வேலை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. 2019-ல் ஆம்னி உற்பத்தியும் நின்றது. ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் பழைய வேன்களை யாரும் சும்மா நிறுத்திவிடவில்லை.

2000-ம் ஆண்டை ஒட்டி மாருதி வண்டிகள் படிப்படியாக எம்.பி.எஃப்.ஐ. எனும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறைக்கு மாறின. அதற்கு முந்தையவை கார்புரேட்டர் வண்டிகள். இந்த கார்புரேட்டர்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு சொந்தம் உண்டு. மாருதி வண்டிகளுக்கு கார்புரேட்டர் தயாரிப்பதற்காகவே சென்னையைச் சேர்ந்த கார்புரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனமும் ஜப்பானின் மிக்குனியும் 1980-களில் கூட்டாகத் தொடங்கியதுதான் யுகால் நிறுவனம். பழைய ஆம்னியின் கார்புரேட்டரை உற்றுப் பார்த்தால் அந்தப் பெயர் கண்ணில் படும்.

இன்றைக்கு இந்த வண்டிகளை வைத்திருப்பதே செலவுதான். 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் கட்டணம். 20 வருடம் தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000 ரூபாய். இது போக பசுமை வரி தனி. இதற்கு மேல் மைலேஜும் போனால் கையில் என்ன நிற்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தினமும் 60 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் 4 லிட்டர் போதும். 12 என்றால் 5 லிட்டர். தினமும் ஒரு லிட்டர் கூடுதல். மாதத்துக்கு 25 நாள் ஓடினால் 25 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது மாதம் 2,500 ரூபாய் புகையாகவே போகிறது. காய்கறி வியாபாரத்தில் 2,500 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை.

கார்புரேட்டருக்கு மூளை கிடையாது

புது வண்டியில் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று இருக்கும். பெட்ரோல் அதிகமா, குறைவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்க, கம்ப்யூட்டர் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கும். கார்புரேட்டரில் அதெல்லாம் இல்லை. காற்று உள்ளே போகும் வேகத்தில் ஒரு உறிஞ்சல் உண்டாகிறது. அந்த உறிஞ்சலில் ஜெட் எனும் பித்தளைத் துளை வழியாகப் பெட்ரோல் மேலே வருகிறது. அவ்வளவுதான். துளையின் அளவு என்னவோ, அதுதான் பெட்ரோலின் அளவு.

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இதைவிடக் காற்று குறைந்தால் 'ரிச்', கூடினால் 'லீன்' என்பார்கள் மெக்கானிக்குகள். ரிச் ஆனால் பெட்ரோல் முழுதாக எரியாமல் கரும்புகையாகப் போகும். கொஞ்சம் லீனாக இருந்தால் மைலேஜுக்கு நல்லது. ரொம்ப லீன் ஆனால் எரிவதே தடுமாறும், இன்ஜின் சூடாகும், இழுவை போய்விடும்.

இழுவை போனால் டிரைவர் என்ன செய்வார்? ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பார். இரட்டைத் தொண்டை உள்ள கார்புரேட்டரில் ஓர் அளவுக்கு மேல் மிதித்தால் இரண்டாவது தொண்டையும் திறந்துகொள்ளும். சேமிக்கப் போன பெட்ரோல் அந்த வழியாக இரண்டு மடங்காகப் போய்ச் சேரும். ஸ்க்ரூவை உள்ளே திருகிய வண்டி ஒரு வாரத்தில் ஏமாற்றுவது இப்படித்தான்.

இ20 வந்த பிறகு கணக்கு மாறியது எப்படி?

இந்தப் பழைய பழக்கத்தை இப்போது விட்டே ஆக வேண்டியதற்கு முக்கியக் காரணம் பங்கில் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2030-க்கு வைத்திருந்த இலக்கை மத்திய அரசு 2025-26-க்கு முன்கூட்டியே கொண்டுவந்தது. இப்போது சாதாரண பெட்ரோல் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். எத்தனால் கலக்காத பெட்ரோலையும் பங்கில் தர வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, பழைய வண்டிக்காரருக்கு வேறு வழியில்லை.

எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயல்பு. எவ்வளவு? நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்கிறது அது. பெட்ரோலியத் துறை 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கத்தில், இ20-க்கு ஏற்றபடி டியூன் செய்யாத வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் என்று சொன்னது.

இந்த அளவை யார் என்ன செய்தாலும் திரும்பப் பெற முடியாது. 15 கொடுத்த வண்டி 14 கொடுத்தால் அது எரிபொருளின் குணம். ஆனால் 15 கொடுத்த வண்டி 12-க்கு இறங்கினால் மீதியை இ20 தலையில் கட்ட முடியாது. வண்டிக்குள் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது.

இன்னொரு விஷயம்தான் பலருக்கும் தெரிவதில்லை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ எத்தனால் எரிய சுமார் 9 கிலோ காற்று போதும். இ20-க்கு அந்த விகிதம் சுமார் 13.5. சென்சார் உள்ள வண்டி இதைக் கண்டுபிடித்துத் தானாகக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் விடும். கார்புரேட்டரோ 14.7 கணக்கில் துளைத்த அதே ஜெட்டில் அதே அளவைத்தான் விடும். அதாவது யாரும் எந்த ஸ்க்ரூவையும் தொடாமலேயே, பங்கில் டேங்கை நிரப்பிய அந்த நிமிடமே வண்டி ஏறக்குறைய 8 சதவீதம் லீன் ஆகிவிட்டது!

ஏற்கெனவே லீன் ஆன வண்டியை மெக்கானிக் இன்னும் லீன் ஆக்கினால்? 'மைலேஜ் செட்டிங்' என்ற பெயரில் நடப்பது இதுதான். இருபது வருடத்துக்கு முன்னால் சரியாக இருந்த வைத்தியம், நோய் மாறிய பிறகும் தொடர்கிறது.

அப்படியானால் ரிச்சா, லீனா... எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டிக்காரர் கையிலேயே ஒரு சீட்டு இருக்கிறது. பொல்யூஷன் சர்டிபிகேட்!

பழைய பெட்ரோல் வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய அந்தப் புகைச் சான்றிதழை, போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு என்று மடித்து வைத்துவிடுகிறோம். அதில் கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.) இத்தனை சதவீதம், ஹைட்ரோ கார்பன் (எச்.சி.) இத்தனை பி.பி.எம். என்று இரண்டு எண்கள் இருக்கும். சி.ஓ. என்பது பாதி எரிந்த பெட்ரோல். எச்.சி. என்பது எரியாமலே வெளியே போன பெட்ரோல். இரண்டுமே நீங்கள் காசு கொடுத்து வாங்கியவை.

பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு சி.ஓ. 3 சதவீதம், எச்.சி. 1,500 பி.பி.எம். வரை அனுமதி. இதை இப்படிப் படிக்கலாம்:

சி.ஓ. 6, 7 என்று காட்டினால் வண்டி ரிச். 3 சதவீதத்தில் ஓடும் இன்ஜினைவிட 7 சதவீதத்தில் ஓடும் இன்ஜின் அதே காற்றுக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல் பெட்ரோலை விழுங்குகிறது.

சி.ஓ. அரை சதவீதத்துக்கும் கீழே, ஆனால் எச்.சி. மட்டும் ஏகத்துக்கும் எகிறி நிற்கிறதா? ரொம்ப லீன் ஆகி இன்ஜின் அவ்வப்போது எரியாமல் விடுகிறது என்று சந்தேகப்படலாம். பிளக், பிளக் ஒயர் கோளாறும் இதே மாதிரி காட்டும். இரண்டுமே தாறுமாறாக இருந்தால் பிஸ்டன் ரிங், வால்வு வரை போக வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சான்றிதழுக்கான அளவு வண்டி ஐடிலில் நிற்கும்போது எடுப்பது. ஓடும்போது வேலை செய்வது மெயின் ஜெட். அதனால் கருவி வைத்திருக்கும் மையத்தில் ஐடிலில் ஒன்று, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து 2,500 ஆர்.பி.எம். அளவில் ஒன்று என இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்க. முடிந்தால் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போய், குழாயில் கருவியை வைத்தபடியே டியூன் செய்யச் சொல்லுங்க. காதை வைத்துக் கேட்டே செட்டிங் செய்யும் கை தேர்ந்தவர்கள் கோவையில் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காது பழகியது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு!

பிளக்கின் நிறத்தைப் பார்ப்பது இன்னொரு வழி. கருப்புப் புகைக்கரி படிந்திருந்தால் ரிச். வெள்ளையாக வெந்துபோன மாதிரி இருந்தால் லீன். இளம்பழுப்பு நல்லது. இ20-ல் பிளக் முன்பைவிட வெளுப்பாகவே தெரியும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு எடுக்க வேண்டாம்.

லீன் என்று உறுதியானால் ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே எடுக்க வேண்டும். ஓட்டத்தில் திணறினால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரியதாக மாற்றலாம். பெட்ரோலைக் கூட்டினால் மைலேஜ் ஏறுமா என்று கேட்கத் தோன்றும். திணறும் வண்டியில் ஏறும். பாதி மிதியில் ஏற வேண்டிய மேட்டில் முழு மிதி மிதிப்பது நிற்கிறதே, அதுதான் லாபம். ஜெட்டை மட்டும் ஒயர் விட்டுக் குத்த வேண்டாம். மயிரிழை அளவு துளை பெரிதானாலும் அளவு போயிற்று. கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

ரிச் என்றால் எங்கே தேட வேண்டும்?

முதலில் சோக். பழைய ஆம்னியில் கையால் இழுக்கும் சோக். உள்ளே தள்ளிவிட்டாலும் கேபிள் துருப்பிடித்திருந்தால் மேலே இருக்கும் தகடு முழுதாகத் திறக்காது. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, தகடு நேராக நிற்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். நாள் முழுவதும் கால் சோக்கில் ஓடும் வண்டியில் வேறு எந்த வைத்தியமும் பலிக்காது.

அடுத்து ஃப்ளோட்டும் நீடில் வால்வும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறியதும் அடைக்க வேண்டியது இந்த ஊசிதான். முனை தேய்ந்தால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் வாடை, சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம் பிடிப்பது இதன் அடையாளம். ரிப்பேர் கிட் மாற்றும்போது மட்டத்தையும் அளந்து வைக்கச் சொல்லுங்க.

ஏர் ஃபில்டரில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. புது வண்டியில் ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையுமே தவிர மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. சென்சார் சமாளித்துவிடும். கார்புரேட்டர் வண்டி அப்படி இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் சோதனைகளில், பழைய கார்புரேட்டர் காரில் ஃபில்டரை மாற்றியதும் மைலேஜ் 2 முதல் 6 சதவீதம் கூடியது. படுமோசமாக அடைத்திருந்தால் 14 சதவீதம் வரை. நூற்பாலை பக்கம் பஞ்சுத் தூசி, கிரஷர் பக்கம் கல் தூசி, காட்டுப் பாதையில் செம்மண். நம்ம பக்கம் ஃபில்டர் அடைக்கக் காரணத்துக்குப் பஞ்சமா?

அப்புறம் தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகிறது என்று மெக்கானிக்குகள் இதைக் கழற்றிப் போட்டுவிடுவது ரொம்பச் சாதாரணம். கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சுவரில் வழிந்து வீணாகும். மார்கழிக் காலையில் சந்தைக்கு 15 கி.மீ. ஓடித் திரும்பும் வண்டி, பாதித் தூரம் குளிர்ந்த இன்ஜினிலேயே ஓடும். இதற்கு புது தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் சுத்தமும்தான் வழி.

பிளக் இடைவெளி, பாயின்ட், டைமிங் எல்லாம் வழக்கமான சர்வீஸ் சமாச்சாரம். ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு தட்டு மாதிரி இருக்கும் வாக்குவம் அட்வான்ஸ். அதற்குள் இருக்கும் ரப்பர் கிழிந்தால் வண்டி ஓடும், ஆனால் நிதான வேகத்தில் தீப்பொறி தாமதமாகும், மைலேஜ் விழும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தாலே தெரிந்துவிடும். காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது.

இன்ஜினை எல்லாம் பார்த்துவிட்டு சக்கரத்தை மறந்துவிடக் கூடாது. டயரில் காற்று ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அதைவிடப் பெரிய திருடன் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக். சமதளத்தில் நியூட்ரலில் போட்டுத் தள்ளிப் பாருங்க. பத்து கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கி, வீலுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்க. ஒரு வீல் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை என்று அர்த்தம். தொட்டுவிடாதீங்க, சுடும்.

பாலக்காட்டுக் காற்றும் ஊட்டி மேடும்

கொங்கு மண்ணில் வண்டி ஓட்டுபவர்களுக்கே உரிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கில் இருந்து வீசும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆம்னியோ தீப்பெட்டி மாதிரி முகம் உள்ள வண்டி. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வாளையாறு நோக்கிப் போகும்போது எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், வண்டிக்கு அது 70 கி.மீ. வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே அந்த மாதங்களில் மேற்கே போகும் பயணத்தில் மைலேஜ் குறைவது இதனால்தான். அந்த நேரத்தில் கார்புரேட்டரைக் கழற்றிப் பயனில்லை. வேகத்தைப் பத்து கி.மீ. குறைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். நாட்டின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சி சங்கமான பி.சி.ஆர்.ஏ.வும் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தைத்தான் பல வருடமாகப் பரிந்துரைக்கிறது. மேலே கேரியரில் காலி கிரேட்டுகளைக் கட்டிக்கொண்டு திரும்புவதும் இதே தடைக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது மலை. கோவை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 411 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கோவையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் இதை உணராமல் பெட்ரோல் விடுவதால் மேலே ஏற ஏற வண்டி ரிச் ஆகும். ஊட்டியில் அது சுமார் 9 சதவீதம். மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடிய வண்டி குன்னூர் தாண்டியதும் கரும்புகை விடுவது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், இ20 வண்டியை லீன் ஆக்குகிறது, ஊட்டி ரிச் ஆக்குகிறது. காகிதக் கணக்கில் பார்த்தால் பழைய செட்டிங் உள்ள வண்டிக்கு இப்போது ஊட்டிதான் சரியான ஊர்!

மலையில் கேரட் மூட்டையோடு இறங்கும்போது நியூட்ரலில் விட்டு, சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு 'சேமிப்பு' செய்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. நியூட்ரலில் இன்ஜின் பிரேக்கிங் கிடையாது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் கொதித்துப் பிடிக்காமல் போகும். பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜினை அணைத்தால் அதன் உதவியும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். குன்னூர் பாதையில் கிடைக்கும் அரை லிட்டருக்கு இந்த விலை வேண்டாம்.

ஓட்டுபவர் கால் என்ன செய்யும்?

கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை பெடலைச் சட்டென்று மிதிக்கும்போதும் அது ஒரு பீய்ச்சு பச்சைப் பெட்ரோலை உள்ளே அடிக்கும். சிக்னலில் நின்றபடி 'உர்ர் உர்ர்' என்று முறுக்கினால் ஒவ்வொரு உர்ருக்கும் ஒரு பீய்ச்சு. ஆகவே காலை மெதுவாக வைப்பது புது வண்டியைவிடப் பழைய வண்டியில் கூடுதலாகப் பலன் தரும்.

2025 அக்டோபரில் திறந்த அவிநாசி ரோடு ஜி.டி.நாயுடு மேம்பாலம், கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கி.மீ. நீளம். நின்று நின்று போகும் பாதையும், நிற்காமல் போகும் பாதையும் ஒரே ரோட்டில் மேலும் கீழுமாக இருக்கின்றன. தன் வண்டி சிக்னலுக்கு எவ்வளவு பெட்ரோல் கொடுக்கிறது என்று பார்க்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

பார்ப்பது எப்படி? பங்கில் டேங்க் ஃபுல் செய்து கி.மீ. குறித்துக்கொள்ள வேண்டும். 200, 300 கி.மீ. ஓட்டி, அதே பங்கில் மறுபடி ஃபுல் செய்து, ஓடிய தூரத்தை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்வதும், 200 ரூபாய்க்குப் போட்டு நிற்கும் வரை ஓட்டிப் பார்ப்பதும் கணக்கு ஆகாது. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்து, இந்தக் கணக்கை எடுங்க. ஒரே நாளில் பத்தையும் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

காந்தம், மாத்திரை வேலை செய்யுமா?

பெட்ரோல் குழாயில் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, தண்ணீரில் இருந்து வாயு எடுக்கும் கிட்... இதெல்லாம் 30 சதவீதம் மைலேஜ் கூட்டும் என்று வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோல நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி பலன் தந்தவை மிகச் சிலவே. 1996-ல் மூலிகை பெட்ரோல் பரபரப்பைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேஸுக்கு மாறுவது வேறு விஷயம். அங்கீகாரம் பெற்ற எல்.பி.ஜி. கிட் பொருத்தி, ஆர்.சி.யில் பதிவு செய்து, ஆட்டோ கேஸ் பங்கில் நிரப்பினால் செலவு குறையும். வீட்டு சிலிண்டரை வண்டியில் கவிழ்த்து வைத்து ஓட்டுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

மைலேஜுக்கு முன்னால் குழாயைப் பாருங்க

இ20-ல் இன்னொரு சிக்கல் ரப்பர். பழைய வண்டியின் பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் இவ்வளவு எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. ஊறி உப்பும், பிறகு வெடிப்பு விடும். 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலியத் துறையே 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. எத்தனால் டேங்கின் பழைய கசடையும் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் ஃபியூயல் ஃபில்டரையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் டேங்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கி, வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

ஆம்னியில் இன்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். குழாய் கசிந்தால் பெட்ரோல் சொட்டுவது சூடான இன்ஜின் மேல், அதற்கு நேர் மேலே ஆள் உட்கார்ந்திருப்பார். அதனால் கேபினுக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அதை மைலேஜ் பிரச்னை என்று நினைத்து அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போட வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு சீட்டைத் தூக்கிப் பாருங்க. எத்தனால் தாங்கும் தரமான பெட்ரோல் குழாயும் புது கிளிப்புகளும் பெரிய செலவு இல்லை. கார்புரேட்டர் டியூனிங்குக்கு வண்டியை விடும் அன்றைக்கே, ஸ்க்ரூவைத் தொடும் முன், முதல் வேலையாக இதை மாற்றச் சொல்லிவிடுங்க.